அப்பாவின் சிவப்புப் பெட்டியும் ஓர் ஆயுள் உத்தரவாதமும்

‘லைஃப்டைம் வாரண்டி’ என்ற சொல் நம் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. வாணலியில் ஒட்டியிருக்கும், பயணப் பெட்டியில் தொங்கும், பிள்ளைகளின் பள்ளிப் பையில்கூட இருக்கும். ஆயுள் முழுக்க என்றால் யாருடைய ஆயுள்? வாங்கியவருடையதா, பொருளுடையதா, விற்ற கடையுடையதா? வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வகுத்த விளம்பர வழிகாட்டுதலிலேயே இந்த விஷயம் இருக்கிறது. ஆயுள் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்பவர், அது எதனுடைய ஆயுள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார் சைலன்சருக்கு ‘லைஃப்டைம்’ என்று போட்டிருந்தால், அந்தக் கார் உங்களிடம் இருக்கும் வரைக்கும் என்றுகூட அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

எனக்கு இந்தக் கேள்வி போன வருஷம்தான் வந்தது, அப்பாவின் சிவப்புப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது.

அப்பாவும் அம்மாவும் சிகாகோ புறநகரில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த வீட்டை விற்றுவிட்டு, அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டுக்கு மாறினார்கள். அபார்ட்மென்ட்டில் கராஜ் கிடையாது. அதைவிடப் பெரிய காரணம், அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. காபி டம்ளரையே இரண்டு கையால் பிடிக்கிறார். “இத நீ வச்சுக்க கண்ணு. எனக்கு இனி இதுல வேல இல்ல” என்று பெட்டியைக் காட்டினார். குரலில் வருத்தம் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. சிகாகோவிலிருந்து மினசோட்டா வரை ஆறு மணி நேரம், அந்தப் பெட்டி பின்சீட்டில் குலுங்கிக்கொண்டே வந்தது.

உள்ளே இருந்தவை: இரண்டு ராட்செட், இஞ்சிலும் மில்லிமீட்டரிலும் சாக்கெட்டுகள், ஒரு வரிசை ஸ்பேனர், நாலைந்து திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர், இரண்டு அரம். எல்லாம் கிராஃப்ட்ஸ்மேன். எல்லாம் சியர்ஸில் வாங்கியவை. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ‘சு’ என்று ஒரு தமிழ் எழுத்து பொறித்திருக்கும், அப்பா பெயரின் முதல் எழுத்து. வேலை பார்த்த இடத்தில் யாருடைய ஸ்பேனர் எது என்று குழப்பம் வருமாம். “இங்கிலீஷ்ல போட்டா எவன் வேணும்னாலும் தன்னுதும்பான். இதப் பாத்தா யாரும் கேக்க மாட்டான்” என்பார்.

அப்பா கோயம்புத்தூர்க்காரர். பீளமேட்டில் பெரியப்பாவின் லேத் பட்டறையில் கரி படிந்த கையோடு வளர்ந்து, இன்ஜினியரிங் முடித்து, எண்பதுகளில் இங்கே வந்தார். முதல் கார் வாங்கினார், அதை ரிப்பேர் பண்ண மெக்கானிக்குக்குக் கொடுக்கக் காசு இல்லை. அதனால் இந்த செட்டை வாங்கினார். நம் அப்பாக்களில் பலருக்கு இதே கதைதான் இருக்கும். கடையும் பெரும்பாலும் அதே கடையாகத்தான் இருக்கும்.

இன்றைய பிள்ளைகளுக்குச் சியர்ஸ் என்றால் தெரியாது. ஒருகாலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனம் அது. சிகாகோவில் வளர்ந்தது, 1973-இல் கட்டி முடித்த அதன் கோபுரம் கால் நூற்றாண்டுக்கு உலகின் உயரமான கட்டிடமாக இருந்தது. ஊசி முதல் வீடு வரை கேட்லாகில் விற்றார்கள். வீடு என்றால் நிஜமாகவே வீடு. மரம், ஆணி, கதவு எல்லாம் ரயிலில் வரும், வாங்கியவர் தானே கட்டிக்கொள்ள வேண்டும். கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரைச் சியர்ஸ் 1927-இல் பதிவுசெய்தது. கைக்கருவிகளுக்கு அவர்கள் கொடுத்த உத்தரவாதத்தில் சிக்கலே இல்லை. எந்தக் காரணத்துக்காகத் திருப்தி இல்லையென்றாலும் கொண்டுவாருங்கள், இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவோம் அல்லது மாற்றித் தருவோம். அவ்வளவுதான். பில் வேண்டாம், தேதி வேண்டாம், யார் வாங்கியது என்ற கேள்வியும் வேண்டாம்.

அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும். துருப்பிடித்த வீல் நட்டைக் கழற்றும்போது அப்பாவின் சாக்கெட் ஒன்று விரிசல் விட்டது. சனிக்கிழமை மாலுக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் உடைந்ததை வாங்கிப் பார்த்தார், ஒரு டப்பாவுக்குள் போட்டார், கொக்கியில் தொங்கிய புதியதை எடுத்து நீட்டினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று ராத்திரி அப்பா கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் போல உரக்கப் பேசினார்: “பில்லே கேக்கலீங்ணா! ஒடஞ்சதக் குடுத்தேன், புதுசக் குடுத்துட்டாங்க!” அந்தப்பக்கம் பெரியப்பா நம்பவில்லை என்று நினைக்கிறேன். அப்பா மூன்று முறை சொன்னார். புது ஊரில், தன் உச்சரிப்பைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் நடுவில், எந்த விளக்கமும் கேட்காமல் தன் பேச்சை நம்பிய ஓர் இடம் அது. அப்பாவுக்கு அது சாக்கெட் விலையைவிடப் பெரிய விஷயம் என்று இப்போது புரிகிறது.

சரி, அவர்களுக்கு இது எப்படிக் கட்டுப்படியானது? கணக்கு எளிது. நல்ல கைக்கருவி உடைவது அபூர்வம், தொலைவதுதான் அதிகம். பத்து மில்லிமீட்டர் சாக்கெட் எங்கே போகிறது என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் தலையைச் சொறிவார். தொலைந்ததற்கு வாரண்டி கிடையாது. உடைந்ததை மாற்ற வருகிறவரோ வெறுங்கையோடு திரும்புவதில்லை. போகிற வழியில் ஃபிரிட்ஜ் கண்ணில் படும், பள்ளிக்கூடச் சட்டை கண்ணில் படும். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் அப்படி வந்ததுதான். ஆக, அந்த உத்தரவாதம் இரண்டு கால்களில் நின்றது: எளிதில் உடையாத கருவி ஒன்று, ஆள் வந்துபோகும் கடை இன்னொன்று.

முதல் காலைப் பற்றிக் கொஞ்சம். சியர்ஸ் இந்தக் கருவிகளைத் தானே செய்யவில்லை. தரத்தை எழுதிக் கொடுத்து வேறு ஆலைகளில் செய்வித்தது. உதாரணமாக, திருப்புளி, பிளேயர் போன்றவற்றைப் பல காலம் செய்து கொடுத்தது கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருந்த வெஸ்டர்ன் ஃபோர்ஜ் என்ற ஆலை. நல்ல ஸ்பேனரைக் குரோம், வனேடியம் கலந்த எஃகில் செய்வார்கள். பழுக்கக் காய்ச்சிய எஃகை அச்சில் வைத்து ஓங்கி அடித்து உருவம் கொண்டுவருவார்கள். பிறகு மறுபடி சூடாக்கி எண்ணெயில் அமிழ்த்தி, மிதமான சூட்டில் இன்னொரு முறை பதம் பார்ப்பார்கள். சூட்சுமம் இந்தக் கடைசிப் பதத்தில்தான். எஃகு ரொம்ப இறுகிவிட்டால் கண்ணாடி மாதிரி படாரென்று உடையும். இளகலாக விட்டால் வாய் விரிந்து, நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பளபளப்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. குரோம் பூச்சு எல்லாவற்றையும் ஒரே மாதிரி காட்டும். வருஷக்கணக்கில் பயன்படுத்தினால்தான் தெரியும். அதனால்தான் இந்தப் பொருளுக்கு ஆயுள் உத்தரவாதம் என்ற ஒன்றே தேவைப்பட்டது. வாங்குகிறவரால் கடையில் வைத்துச் சோதிக்க முடியாத தரத்துக்கு, விற்கிறவர் தன் பெயரைப் பிணையாக வைக்கிறார்.

இரண்டாவது கால்தான் முதலில் ஒடிந்தது. 1993-இல் பெரிய கேட்லாகை நிறுத்தினார்கள். 2005-இல் கே-மார்ட்டோடு இணைந்தபோது இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,500 கடைகள். அதற்குப் பிறகு கடைகளைப் புதுப்பிக்கப் போதுமான பணம் போடவில்லை. கூரை ஒழுகும், விளக்கு எரியாது என்று பத்திரிகைகள் எழுதின. 2015-இல் 235 கடைகளின் நிலத்தையும் கட்டிடத்தையும் தனி நிறுவனம் ஒன்றுக்கு 270 கோடி டாலருக்கு விற்று, அதே இடத்தில் வாடகைக்கு இருந்தார்கள். கருவிகளும் மாறின. 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் கிராஃப்ட்ஸ்மேன் கைக்கருவிகளில் பெரும்பகுதி ஆசியாவில் செய்யப்பட்டு வரத் தொடங்கியது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தைவானில் செய்யும் ராட்செட்டுகள் அருமையாக இருக்கின்றன. ஊர் காரணமில்லை. என்ன தரம் எழுதிக் கொடுக்கிறார்கள், என்ன விலைக்குப் பேரம் பேசுகிறார்கள் என்பதுதான் காரணம்.

2017-இல் கிராஃப்ட்ஸ்மேன் பெயரையே ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனத்துக்கு விற்றார்கள். மொத்தம் ஏறத்தாழ 90 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம். 2018 அக்டோபரில் சியர்ஸ் திவாலானது. இலினாய் மாநிலத்தின் கடைசிச் சியர்ஸ், ஷாம்பர்க் ஊரில் வுட்ஃபீல்ட் மாலில் இருந்தது, 2021 நவம்பரில் மூடப்பட்டது. ஸ்டான்லி, டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் தானியங்கி இயந்திரங்கள் நிறைந்த புது ஆலை கட்டி, கிராஃப்ட்ஸ்மேனை மறுபடி அமெரிக்காவில் செய்யப் போவதாக 2019-இல் அறிவித்தது. 2023-இல் அந்த ஆலையை மூடுவதாகவும் அறிவித்தது. வெஸ்டர்ன் ஃபோர்ஜ் அதற்கு முன்பே, 2020-இல் மூடிவிட்டது. ஒரு பெயர், ஒரு கடை, ஓர் ஆலை. முன்பு மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. இன்று பெயர் மட்டும் மிச்சம்.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: உத்தரவாதம் சாகவில்லை. பழைய கைக்கருவிகளுக்கும் அதைத் தொடர்வதாகப் புதிய உரிமையாளர் சொல்லியிருக்கிறார்கள். கடை செத்த பிறகும் வாக்கு உயிரோடு இருப்பது சாதாரண விஷயம் இல்லை. எதிர்ப்பதமும் எனக்குத் தெரியும். நாங்கள் வீடு வாங்கிய புதிதில் இணையத்தில் ஒரு சாக்கெட் செட் வாங்கினேன். பெயர் வேண்டாம், உங்களுக்கும் நினைவிருக்காத மாதிரியான பெயர்தான். பெட்டியில் ‘லைஃப்டைம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பதினெட்டே மாதத்தில் ஒன்று பிளந்தது. தேடிப் பார்த்தால் விற்றவரையும் காணோம், அந்தப் பிராண்டையும் காணோம். நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆதரவு முடியும் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவோம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அது நேர்மை. ‘ஆயுள் முழுக்க’ என்று சொல்லிவிட்டுப் பதினெட்டு மாதத்தில் காணாமல் போவதைவிட, ‘ஐந்து வருஷம்’ என்று சொல்லி ஐந்து வருஷம் நிற்கிறவர் மேல்.

புதிதாக வீடு வாங்கி, முதல் முறையாக டூல் பாக்ஸ் வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களிடம் நான் சொல்வது இதுதான். வாரண்டியில் நாலு விஷயம் பாருங்கள்: யாருடைய ஆயுள், பில் கேட்பார்களா, அனுப்பும் செலவு யாருடையது, எதெல்லாம் அதில் சேராது. டார்க் ரெஞ்ச், டேப், மின்சாரக் கருவி போன்றவை பெரும்பாலும் சேராது. சாக்கெட் வாங்கினால் ஆறு முனை உள்ளதை வாங்குங்கள். பன்னிரண்டு முனை எளிதில் மாட்டும், ஆனால் இறுகிய நட்டின் மூலையை மழுக்கிவிடும். ராட்செட்டில் பல் எத்தனை என்று கேளுங்கள். 36 பல் என்றால் ஒரு பல் நகர கைப்பிடியைப் பத்து டிகிரி திருப்ப வேண்டும். 72 என்றால் ஐந்து டிகிரி போதும், காருக்கு அடியில் இடுக்கில் அது பெரிய சௌகரியம். பழையது வாங்கத் தயங்காதீர்கள். கராஜ் சேல்களில் அப்பா காலத்துக் கருவிகள் சல்லிசாகக் கிடைக்கும். திருப்புளியை உளியாகவும் கடப்பாரையாகவும் பயன்படுத்தாதீர்கள். பாதி வாரண்டிக்குத் தேவையே இருக்காது.

இப்போது அப்பாவின் ராட்செட்டுக்கு வருகிறேன். பெட்டி வந்த மாதமே மகளின் சைக்கிளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சின்ன ராட்செட் வழுக்கியது. திருப்பினால் இரண்டு முறை பிடிக்கும், மூன்றாவது முறை சும்மா சுற்றும். மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியும். காரில் போட்டுக்கொண்டு கிளம்பவும் கிளம்பினேன். அப்போதுதான் அந்த உத்தரவாதத்தின் அர்த்தம் மண்டையில் உறைத்தது. பழையதைக் கொடுத்தால்தான் புதியது. நாற்பது வருஷமாக அப்பா கை பட்டுத் தேய்ந்த கைப்பிடி, அந்த ‘சு’, அது டப்பாவுக்குள் போய்விடும். என் கைக்கு வருவது கிராஃப்ட்ஸ்மேனாகத்தான் இருக்கும், ஆனால் இது இருக்காது. வாரண்டி கருவிக்குத்தான். அப்பாவுடைய கருவிக்கு இல்லை. அந்த வேலையை வேறு யாரும் எனக்காகச் செய்ய முடியாது.

வீட்டுக்குத் திரும்பி, மேஜையில் பழைய துண்டை விரித்தேன். எட்டு வயது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவை வீடியோவில் கூப்பிட்டோம். பின்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே அவ்வளவு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை: பல்சக்கரம் ஒன்று, அதில் விழுந்து பிடிக்கும் கொக்கி ஒன்று, கொக்கியைத் தள்ளும் குட்டி ஸ்பிரிங். பல் எதுவும் உடையவில்லை. பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகி, கொக்கியைப் பல்லில் உட்கார விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினோம். பழைய பல்துலக்கும் பிரஷ் மகள் கையில். திரையில் இருந்து அப்பா சொல்லச் சொல்ல அவள் செய்தாள். “அந்தத் திருப்புளிய எடு சாமி.” எடுத்தாள். “மரை பத்தரம், உருண்டு போயிரும்.” மரை என்றால் என்ன என்று என்னைக் கேட்டாள். ஸ்க்ரூவில் சுற்றிச் சுற்றிப் போகும் அந்தக் கோடுதான் மரை என்று விரலால் தடவிக் காட்டினேன். அரம், கொக்கி, பல்சக்கரம். தமிழ்ப் பள்ளிக்கு வாராவாரம் அழைத்துப்போகிறோம். அங்கே அவள் எழுதுகிற பட்டியலில் இந்தச் சொற்கள் இல்லை. கேட்டதும் ஒட்டிக்கொண்டன. மறுநாள் சமையலறையில் தளர்ந்திருந்த அலமாரிக் கதவைப் பார்த்து, “மரை லூஸ்” என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு நாங்கள் பாடப் புத்தகம் வைப்போம், அப்பா இந்தப் பெட்டியை வைப்பார். ராட்செட்டுக்குச் சந்தனம், குங்குமம். பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் ஸ்பேனர் வரிசை. நண்பர்கள் வந்தால் அதை மறைத்து வைக்கச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அப்பா ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவி, எண்ணிக்கை பார்ப்பார். சாமி கும்பிடுவது என்று நாங்கள் நினைத்தது, வருஷத்துக்கு ஒரு முறை பராமரிப்பும் கணக்கெடுப்பும்கூட. பட்டறையில் அவர் கற்றது அது. இந்தக் கருவிகள் நாற்பது வருஷம் நின்றதற்குச் சியர்ஸின் வாக்கு பாதிக் காரணம் என்றால், அந்தத் துண்டுத் துணியும் எண்ணெயும் மீதிப் பாதி. இந்த வருஷம் பெட்டி எங்கள் வீட்டுப் பூஜையில் இருக்கும். மகளுடைய வேலை துடைப்பது, மகனுடைய வேலை எண்ணுவது என்று பிரித்தாகிவிட்டது.

எல்லாவற்றையும் பூட்டி, மூடியை மாட்டி, மகள் ராட்செட்டைத் திருப்பினாள். டிக் டிக் டிக் என்று சுத்தமாகக் கேட்டது. போனைப் பக்கத்தில் கொண்டுபோய்த் தாத்தாவுக்கும் கேட்கவைத்தாள். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கை நடுங்கியதால் அவர் பக்கத்தில் படமும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார்:

“எண்ணெய் நெறய விட்டராதீங்க. தூசி ஒட்டும்.”